வீடு பொதுவானதுதான், வேலி யாருக்கு?

நம் வாசிப்பு வட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாத கல்வி, சொற்பக் கட்டணத்தில் மருத்துவம், வேலை போனால் உதவித்தொகை, குழந்தை பிறந்தால் தாய்க்கும் தந்தைக்கும் சம்பளத்தோடு விடுப்பு. இவ்வளவும் இருக்கிற நாட்டில்கூட வலதுசாரிகள் எப்படி ஜெயிக்கிறார்கள்? கேட்கிற தோழர்களின் மனதில் இருப்பது ஸ்வீடன். சமூக ஜனநாயகத்தின் தாய்வீடு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஸ்வீடன்.

இதற்கு இரண்டு பதில்கள் தயாராக உலவுகின்றன. அகதிகள் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள், அதனால் வலது வளர்ந்தது என்பது ஒன்று. இடதுசாரிகள் வர்க்கத்தை விட்டுவிட்டு அடையாளம் பேசப் போனார்கள், தொழிலாளி கோபித்துக்கொண்டு வலதுபக்கம் போய்விட்டார் என்பது இன்னொன்று. இரண்டாவது பதிலைச் சொல்கிறவர்கள் அத்தோடு நிறுத்துவதில்லை. நம் பக்கம் திரும்பி, 'நீங்களும் எப்போது பார்த்தாலும் சாதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்' என்று புத்திமதியும் சொல்வார்கள். இரண்டு பதில்களும் பொய் என்பதே நமது வாதம். ஸ்வீடனின் பழமைவாதக் கட்சிகள் நூறாண்டுகளில் எப்போது விழுந்தன, எப்போது எழுந்தன என்று வரிசையாகப் பார்த்தாலே பொய் வெளுத்துவிடும்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். ஸ்வீடனின் பழமைவாதிகள் 1904இல் 'பொது வாக்காளர் சங்கம்' என்ற பெயரில் அமைப்பு கட்டினார்கள். பிறகு வெளிப்படையாக 'வலதுசாரிக் கட்சி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரால் ஓட்டு விழவில்லை என்று தெரிந்ததும் 1969இல் 'மாடரேட்' ஆனார்கள், அதாவது மிதவாதிகள். 2006 தேர்தலுக்கு வந்தபோது தங்களைப் 'புதிய தொழிலாளர் கட்சி' என்றே சொல்லிக்கொண்டார்கள். பண்ணையாருக்கும் முதலாளிக்கும் அதிகாரிக்கும் பிறந்த கட்சி, நூறாண்டு கழித்துத் தொழிலாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஏன் அப்படி நிற்கவேண்டி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த நாடு பிறக்கும்போதே சமத்துவமாகப் பிறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே உள்ளாட்சியில் ஓட்டு என்பது தலைக்கு ஒன்று அல்ல, சொத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்றபடி. 1871இல் 54 கிராமப்புற உள்ளாட்சிகளில் ஒரே ஒரு ஆளின் கையில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் இருந்தன. அங்கே ஊர்க்கூட்டம் என்றால் அந்த ஒருவர் கூடுவதுதான். பெருநிலங்களில் 'ஸ்டாதாரே' எனப்பட்ட உழவுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கூலியின் பெரும்பகுதி தானியமாகவும் பாலாகவும் அளக்கப்படும். ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கு. கணவர் வேலைக்குச் சேர்ந்தால் மனைவி பண்ணை மாடுகளைக் கறந்தே தீரவேண்டும். பண்ணையாள் முறை என்னவென்று பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்த முறை 1945இல்தான் ஒழிந்தது. ஒழித்தது பண்ணையாரின் நல்ல மனசு அல்ல, சங்கம்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதைப் பழமைவாதிகள் முடிந்த மட்டும் தள்ளிப்போட்டார்கள். பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1921இல். 1928 தேர்தலில் அவர்கள் அச்சத்தை முதலாக வைத்து இறங்கினார்கள். சமூக ஜனநாயகவாதிகள் வந்தால் ரஷ்யாவின் கோசாக் படை வரும், குடும்பம் சிதறும், சொத்து போகும் என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். வேலை செய்தது. ஆர்விட் லிண்ட்மன் பிரதமரானார். ஆனால் 1930இல் அவர் பதவி இழந்த பிறகு, அடுத்த பழமைவாதப் பிரதமரைப் பார்க்க அந்தக் கட்சி 1991 வரை, 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த 61 ஆண்டுகள்தான் நாம் படிக்கவேண்டிய முதல் பாடம். 1932 முதல் 1976 வரை, நடுவில் 1936 கோடையில் சில மாதங்கள் தவிர, சமூக ஜனநாயகக் கட்சியே ஆட்சிக்குத் தலைமை தாங்கியது. பழமைவாதிகள் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்? எதிர்க்க ஆளில்லாமல் அல்ல, பணமோ பத்திரிகையோ இல்லாமலும் அல்ல. நலத்திட்டம் 'ஏழைகளுக்கு' என்று இல்லாமல் 'எல்லோருக்கும்' என்று கட்டப்பட்டதால். ஏழைக்கு மட்டும் கொடுத்தால் அது தர்மம், எப்போது வேண்டுமானாலும் கையை மூடிக்கொள்ளலாம். எல்லோருக்கும் கொடுத்தால் அது உரிமை, தொட்டவனின் கை சுடும்.

வருமானத்தோடு இணைந்த பொது ஓய்வூதியத் திட்டம் 1959இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது வலதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவை சரிபாதியாகப் பிளந்து நின்றது. எதிரணியான லிபரல் கட்சியைச் சேர்ந்த தூரே கோனிக்சன் என்ற உறுப்பினர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு அதை ரத்து செய்வோம் என்று சொல்லிக்கொண்டு தேர்தலில் நின்று பிழைக்க முடியாத நிலை வந்தது. 1976இல் ஃபெல்டீன் தலைமையில் சமூக ஜனநாயகவாதிகள் அல்லாத கட்சிகள் ஒருவழியாக ஆட்சியைப் பிடித்தபோதும் வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியவில்லை. நொடித்துக்கொண்டிருந்த கப்பல் கட்டும் தளங்களையும் எஃகு ஆலைகளையும் அவர்கள்தான் அரசுடைமை ஆக்கினார்கள்! வலதுசாரி வந்தாலும் நலத்திட்டத்தைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையைச் சங்கங்கள் உருவாக்கி வைத்திருந்தன.

பிறகு எப்படி உடைந்தது? மூன்று படிகளில். மூன்றிலும் பழமைவாதிகள் மட்டும் குற்றவாளிகள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

முதற்படி, முதலாளிகள் தெருவுக்கு வந்தது. நிறுவன லாபத்தின் ஒரு பகுதியைப் பங்குகளாக்கித் தொழிலாளர்களின் கூட்டு உடைமையாக்கும் திட்டத்தை சங்கத்தின் பொருளியல் அறிஞர் ருடோல்ஃப் மெய்ட்னர் 1970களின் நடுவில் முன்வைத்தார். கூலி கேட்டால் பேரம் பேசலாம், உடைமையைக் கேட்டால்? 1983 அக்டோபர் 4 அன்று பல்லாயிரக்கணக்கான முதலாளிகளும் மேலாளர்களும் ஸ்டாக்ஹோம் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். திட்டம் நீர்த்துப்போன வடிவில் சட்டமானது. 1991இல் பிரதமரான மாடரேட் தலைவர் கார்ல் பில்ட்டின் அரசு அதையும் கலைத்துப்போட்டது. அதே அரசு 1992இல் கொண்டுவந்த பள்ளித் திட்டத்தின்படி, தனியார் பள்ளிக்குப் போகிற மாணவருக்கான செலவை அரசே அந்தப் பள்ளிக்குக் கொடுக்கும். இன்று அங்கே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் வரிப்பணத்தில் பள்ளி நடத்தி லாபம் எடுக்கின்றன. வரிசையில் முந்துவதற்காகக் குழந்தை பிறந்த உடனேயே பெயர் பதிகிறார்கள் படித்த பெற்றோர். தாமதமாக நாட்டுக்குள் வந்த குடும்பத்தின் குழந்தைக்கு அந்த வரிசையில் இடம் எங்கே?

1994இல் பில்ட் தோற்றார். திரும்பி வந்த சமூக ஜனநாயகவாதிகள் இந்தப் பள்ளித் திட்டத்தை ஒழித்தார்களா? இல்லை, தொடர்ந்தார்கள். வாரிசுச் சொத்து வரியை ஒழித்ததும் அவர்கள் ஆட்சியே, 2004இல். பாட்டன் சொத்தில் பேரன் பணக்காரனாக இருப்பதற்கு எதிராகத் தோன்றிய கட்சி, அந்தப் பேரனுக்கு வரிவிலக்கு அளித்தது. பழமைவாதக் கட்சி தோற்ற ஆண்டுகளிலும் பழமைவாதம் ஜெயித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் படி, உழைப்பவர் என்றும் சும்மா இருப்பவர் என்றும் போட்ட கோடு. 2002 தேர்தலில் பெரிய வரிக்குறைப்பை முழங்கிய மாடரேட் கட்சி 15.3 சதவீதத்துக்குச் சரிந்தது. நலத்திட்டத்தை நேருக்கு நேர் மோதினால் மண்டைதான் உடையும் என்பது அவர்களுக்கு அன்று புரிந்தது. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த ஃப்ரெட்ரிக் ரைன்ஃபெல்ட் மொழியை மாற்றினார். நலத்திட்டத்தை நாங்களும் காப்போம், ஆனால் உழைக்கிறவருக்கு உழைப்பு பலன் தரவேண்டாமா என்று கேட்டார். 2006இல் ஜெயித்தார். 2010இல் 30.1 சதவீதம்.

என்ன செய்தார்? கூலி வாங்குகிறவருக்கு வரியைக் குறைத்தார், ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் நோயில் கிடப்பவருக்கும் அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. ஒரே வருமானம், வேறு வேறு வரி. வேலையில்லாக் காப்பீட்டுக்கு உறுப்பினர் கட்டும் சந்தாவை 2007இல் கடுமையாக உயர்த்தினார். அந்தக் காப்பீடு சங்கத்தோடு பிணைந்தது. சந்தா கட்ட முடியாதவர்கள் காப்பீட்டையும் சங்கத்தையும் சேர்த்தே விட்டார்கள். 2006இல் 77 சதவீதமாக இருந்த சங்க உறுப்பினர் விகிதம் இரண்டே ஆண்டுகளில் 71 ஆனது. தொழிலாளி 'அடையாள அரசியலால்' வெறுத்துப்போய்ச் சங்கத்தை விட்டு ஓடவில்லை தோழர்களே. வாசலில் கட்டணத்தை உயர்த்தி வெளியே தள்ளினார்கள்.

அதே 2007இல் இன்னொன்றும் நடந்தது. வீடு பெருக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஆள் வைத்தால், அந்தக் கூலிச் செலவில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. வசதியானவரின் வீட்டைத் துடைப்பதற்கு அரசு மானியம். துடைப்பத்தைப் பிடித்த கை பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்ணின் கை. கறுப்புப் பணத்தில் நடந்த வேலை சட்டபூர்வமானது என்று அவர்கள் நியாயம் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் தன் அழுக்கைத் தானே துடைத்துக்கொள்வது இயல்பு என்றிருந்த சமூகத்தில், அழுக்கைத் துடைக்க ஒரு கூட்டம் தனியாக வேண்டும் என்ற எண்ணத்தை அரசே வளர்த்தது. இதை ஒழிப்போம் என்று சொன்ன சமூக ஜனநாயகவாதிகள் ஆட்சிக்கு வந்ததும் உச்சவரம்பைக் கொஞ்சம் மாற்றிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் அழுக்கைச் சுமக்க விதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நாம் இந்த ஒரு சட்டத்தை வைத்தே அந்த அரசியல் முழுவதையும் படித்துவிட முடியும்.

மூன்றாம் படி, நம்மவர் என்றும் வந்தவர் என்றும் போட்ட கோடு. முதல் கோட்டைப் போட்டுப் பழகிய கைக்கு இரண்டாவது கோடு கஷ்டமாக இருக்கவில்லை. 1988இல் தோன்றிய 'ஸ்வீடன் ஜனநாயகவாதிகள்' கட்சியின் வேர் வெள்ளை இனவெறிக் குழுக்களிலும் நாஜி அனுதாபிகளிடமும் இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, சமூக ஜனநாயகக் கட்சிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 2005இல் தலைவரான ஜிம்மி ஓகேசன் காலத்தில் தீப்பந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு நீலப் பூவை வைத்தார்கள். 2010இல் 5.7 சதவீதத்தோடு நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள்.

மற்ற கட்சிகள் அவர்களோடு சேர மறுத்த காலத்தில், அக்கட்சி 'அரசியல் தீண்டாமைக்கு' ஆளாகிறது என்று எழுதினார்கள். இந்தச் சொல்லாட்சியை நாம் முழுமையாக எதிர்க்கிறோம். தீண்டாமை என்பது ஒரு மனிதன் பிறந்த காரணத்துக்காக அவனை விலக்குவது. பிறப்பைக் காரணம் காட்டி மனிதர்களை விலக்க வேண்டும் என்று கட்சி நடத்துகிறவர்களோடு கைகுலுக்க மறுப்பது தீண்டாமை ஆகாது. அது குறைந்தபட்ச மானம்.

அந்த மானம் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தாங்கியது. 2014இல் ரைன்ஃபெல்ட் அகதிகளுக்காக இதயத்தைத் திறங்கள் என்று மக்களைக் கேட்டார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், ஓகேசனின் கட்சி 12.9 சதவீதம் பெற்றது. 2015இல் ஏறக்குறைய 1,63,000 பேர் தஞ்சம் கேட்டு வந்தார்கள். அந்த நவம்பரில் சமூக ஜனநாயக அரசே கதவைச் சாத்தியது. எதிரியின் கோரிக்கையை நாமே நிறைவேற்றினால் எதிரி ஓய்ந்துவிடுவான் என்பது கணக்கு. எதிரி ஓயவில்லை, அவன் சொன்னதுதான் சரி என்று ஊரே பேசத் தொடங்கியது. நாஜிப் படுகொலையிலிருந்து உயிர்தப்பிய ஹேடி ஃப்ரீட் என்ற மூதாட்டியிடம், அந்தக் கட்சியோடு சேரமாட்டேன் என்று மாடரேட் தலைவர் உல்ஃப் கிறிஸ்டர்சன் 2018இல் வாக்குக் கொடுத்தார். 2022 அக்டோபரில் திடோ என்ற மாளிகையின் பெயரால் அறியப்படும் ஒப்பந்தத்தில் அவர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டு, 176க்கு 173 என்ற வாக்குகளில் பிரதமரானார்.

இப்போது எண்களைப் பாருங்கள். 2022 செப்டம்பர் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 30.3 சதவீதம், ஓகேசனின் கட்சி 20.5, மாடரேட் கட்சி 19.1. பன்னிரண்டு ஆண்டுகளில் 11 புள்ளிகளை இழந்து, நாட்டின் மூன்றாம் கட்சியாகச் சுருங்கி, பிரதமர் நாற்காலியைப் பிடித்தது பழைய பழமைவாதம். அந்த நாற்காலியின் கால்களைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் அமைச்சரவைக்கு வெளியே இருந்தபடி அரசை நடத்துகிறார்கள். ஆவணமில்லாதவர்களை அரசு ஊழியர்கள் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் நூலகர்களும் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அந்தக் குரல்தான் அந்நாட்டின் மீது நமக்கு இன்னும் இருக்கும் மரியாதை.

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன பொய்களுக்கு வருவோம். அகதிகள் வந்ததால்தான் இந்த வெறுப்பு வந்ததா? சமூக ஜனநாயகத் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் 1928இல் நாட்டை 'மக்களின் வீடு' என்று வர்ணித்தார், நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் இல்லை மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்ற பொருளில் பேசினார். அந்தச் சொல்லை அவருக்கு முன்பே பயன்படுத்தியவர் ருடோல்ஃப் ஷெலேன் என்ற பழமைவாதப் பேராசிரியர். வீடு என்ற சொல்லுக்குள்ளேயே யார் உறவு, யார் அந்நியர் என்ற கேள்வி ஒளிந்திருந்தது. ரோமா மக்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்ற தடை 1914 முதல் 1954 வரை இருந்தது. உப்சாலாவில் அரசு இனவியல் உயிரியல் நிறுவனம் 1922இல் தொடங்கியது, வடக்கின் சாமி மக்களின் மண்டையோடுகளை அளந்தது. அதை நிறுவ பழமைவாத லிண்ட்மனும் சமூக ஜனநாயக பிராண்டிங்கும் சேர்ந்தே ஆதரவு தந்தார்கள். 1934இல் வந்த கருத்தடைச் சட்டம் 1970களின் நடுப்பகுதி வரை நீடித்தது, ஏறக்குறைய 63,000 பேர் கருத்தடைக்கு ஆளானார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலர் கட்டாயத்தாலோ நெருக்கடியாலோ. 2013இல், அதாவது அந்த அகதிகள் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, தெற்கு மாகாணக் காவல்துறை 4,000க்கும் மேற்பட்ட ரோமாக்களைக் குழந்தைகள் உட்படக் குடும்பம் குடும்பமாகப் பதிவேட்டில் வைத்திருந்தது அம்பலமானது. குற்றம் செய்ததற்காக அல்ல, பிறந்ததற்காக. மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் அந்த வீட்டில் எப்போதும் இருந்தார்கள். ஓகேசன் வேலியைப் புதிதாகப் போடவில்லை, பழைய வேலிக்கு முள் கட்டினார். இன்று அவரது கட்சி அதே 'மக்களின் வீடு' பெருமையைத் தன் சொத்தாகக் கொண்டாடுகிறது.

வர்க்கத்தை விட்டதால்தானா? உடலுழைப்புத் தொழிலாளர்களின் சங்கக் கூட்டமைப்பில் உறுப்பினர்களாக இருக்கிறவர்களிடையே ஓகேசனின் கட்சி இன்று இரண்டாவது பெரிய கட்சி. அந்தத் தொழிலாளர்கள் வர்க்கம் அறியாதவர்கள் அல்ல, நூறாண்டுச் சங்கப் பாரம்பரியத்தின் பிள்ளைகள். வர்க்கம் மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டது, பிறப்பு சொல்லிக்கொடுக்கப்படவில்லை. 'சாதி ஒழிப்பு' உரையில் 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் சோசலிஸ்டுகளிடம் இதைத்தான் கேட்டார். அதிகாரம் பொருளாதாரத்தில் மட்டும் இல்லை, புரட்சிக்குப் பிறகு தன்னைச் சமமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை இல்லாத தொழிலாளி எப்படிச் சேருவான் என்று கேட்டார். ஸ்வீடனில் சாதி இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலைக் கொடுத்து, மேலே இருப்பவனை மறக்கவைக்கும் வித்தை எந்த ஊரிலும் செல்லுபடியாகும் என்கிறோம். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் பெயர் சூட்டிய நோயை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதனால் அடுத்த முறை 'முதலில் எல்லோருக்கும் சோறு, பிறகு சாதியைப் பேசலாம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஸ்வீடனைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். சோறு போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள், அதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். பந்தியில் யார் யார் உட்காரலாம் என்ற கேள்வியை மட்டும் தீர்க்காமல் விட்டார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து அந்த ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழமைவாதம் பந்திக்குள் நுழைந்தது. சோற்றை நிறுத்துவோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை, இலையை எண்ணுவோம் என்றுதான் சொன்னார்கள்.

இலை எண்ண வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். அவன் எந்தக் கட்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.